பிரைமா, ஜூமா? கெட்டுப்போன படங்களைக் கேளுங்கள்

எதிர்வீட்டுத் தம்பி கேமரா வாங்கி நாலு மாதம் ஆகியிருந்தது. கேனான் 1500டி, கூடவே வந்த 18-55 கிட் லென்ஸ். கல்லூரி விட்டு வந்ததும் தோளில் மாட்டிக்கொண்டு எங்கள் கடலூரில் கெடிலம் பாலத்துக்கோ சில்வர் பீச்சுக்கோ கிளம்பிவிடுவான். தை பிறந்த சமயம் ஒரு சாயங்காலம் எங்கள் வாசலில் வந்து நின்றான்.

"அண்ணே, அடுத்த லென்ஸுக்குக் காசு சேர்த்துட்டேன். ஃபிஃப்டி வாங்கட்டுமா, இல்ல ஐம்பத்தஞ்சு-இருநூத்தம்பது வாங்கட்டுமா?"

"நல்லா வராத படத்தையெல்லாம் காட்டு, சொல்றேன்" என்றேன்.

"அதெல்லாம் அப்பப்ப அழிச்சிடுவேண்ணே."

இனி ஒரு மாதத்துக்கு எதையும் அழிக்காதே என்று சொல்லி அனுப்பினேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதுதான் இந்தக் கட்டுரை. அவன் சொன்ன ஃபிஃப்டி என்பது 50 மி.மீ. பிரைம் லென்ஸ், மற்றது 55-250 மி.மீ. ஜூம் லென்ஸ். கேமரா புதிதாக வாங்கிய எல்லோருக்கும் இந்தக் கேள்வி வருகிறது. பிரைம் நல்லதா, ஜூம் நல்லதா என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. உங்கள் படம் வெளிச்சம் போதாமல் கெடுகிறதா, கிட்டே போக முடியாமல் கெடுகிறதா என்று கேட்டால் பதில் உண்டு.

முதலில் இரண்டும் என்ன என்று பார்த்துவிடலாம். உங்கள் போனை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பின்னால் இரண்டு மூன்று கண்கள் இருக்கும். ஏறக்குறைய எல்லா போனிலும் அந்தக் கண் ஒவ்வொன்றும் ஒரு பிரைம் லென்ஸ்தான். ஒன்று அகலமாகப் பார்க்கும், இன்னொன்று சாதாரணமாக, மற்றொன்று தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டும். அதனதன் பார்வை மாறவே மாறாது. இரண்டு விரலால் திரையை விரிக்கும்போது லென்ஸ் எதுவும் அசைவதில்லை. பெரும்பாலும் படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்கித்தான் காட்டுகிறது.

கேமராவிலும் அதே கதைதான். பிரைம் லென்ஸுக்கு ஒரே குவியத் தூரம், அதாவது லென்ஸ் மேல் போட்டிருக்கும் மி.மீ. எண் ஒன்றுதான். 50 மி.மீ. என்றால் என்றைக்கும் 50 மி.மீ. கல்யாண போட்டோ எடுக்கிறவர்களில் சிலர் இதை 'பிளாக் (block) லென்ஸ்' என்பார்கள். ஜூம் லென்ஸில் கண்ணாடிகள் உள்ளே முன்னும் பின்னும் நகரும். வளையத்தைத் திருகினால் 18-லிருந்து 55 வரை எந்த அளவிலும் நிறுத்தலாம். எண் சிறியதாக இருந்தால் அகலமான காட்சி, எண் பெரிதாக ஆக ஆகக் குறுகலான, கிட்டத்துக் காட்சி. அடிப்படை இவ்வளவுதான்.

அப்புறம் ஏன் திருகவே முடியாத ஒரு லென்ஸைத் தனியாகக் காசு கொடுத்து வாங்குகிறார்கள்?

திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயில் பக்கம் பொழுது சாய்ந்த நேரத்தில் போனால் தெரியும். ஒரே ஒரு குண்டு பல்புக்குக் கீழே ஒரு பூக்கார ஆயா உட்கார்ந்து மல்லிகை கட்டிக்கொண்டிருப்பார். விரல் நாரைச் சுற்றி முடிச்சுப் போடுகிற வேகம் கண்ணுக்கே பிடிபடாது. தம்பி கிட் லென்ஸை 50 மி.மீ.-இல் வைத்து எடுத்தான். அந்த அளவில் அந்த லென்ஸ் திறக்கக்கூடிய அதிகபட்ச அபெர்ச்சர், அதாவது வெளிச்சத் திறப்பு, எஃப் 5.6. குறைந்த வெளிச்சத்தையும் கூட்டிக் காட்டுகிற அளவான ஐஎஸ்ஓவை 3200-க்கு ஏற்றியும் கேமரா கேட்ட ஷட்டர் வேகம், அதாவது வெளிச்சத்தை உள்ளே விடுகிற நேரம், 15-இல் ஒரு பங்கு வினாடி. படத்தில் கூடை தெளிவாக இருந்தது, சுவர் தெளிவாக இருந்தது. ஆயாவின் விரல்கள் மட்டும் வெள்ளைப் புகை மாதிரி கலைந்திருந்தன. எந்தக் கைகளுக்காக அவன் அங்கே நின்றானோ, அந்தக் கைகளே படத்தில் இல்லை.

அதே இடத்தில் 50 மி.மீ. எஃப் 1.8 பிரைம் இருந்திருந்தால்? அபெர்ச்சர் என்பது லென்ஸுக்குள் வெளிச்சம் நுழைகிற வாசல். குவியத் தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால் அந்த வாசலின் விட்டம் வந்துவிடும். 50-ஐ 5.6-ஆல் வகுத்தால் சுமார் 9 மி.மீ., அதாவது சட்டைக் காலரில் இருக்கிற பொத்தான் அளவு. 50-ஐ 1.8-ஆல் வகுத்தால் சுமார் 28 மி.மீ., நம்முடைய பத்து ரூபாய் நாணயத்தைவிட ஒரு நூல் பெரியது. பொத்தானையும் நாணயத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பரப்பில் ஒன்பது மடங்குக்கும் மேல் வித்தியாசம். அத்தனை மடங்கு வெளிச்சம் கூடுதலாக உள்ளே வரும். 15-இல் ஒரு பங்கு வினாடி என்பது ஏறக்குறைய 150-இல் ஒரு பங்காக மாறும். ஆயாவின் விரல் நிற்கும். நாரின் பிரிகூடத் தெரியும்.

இங்கே பலரும் கேட்பது, "கிட் லென்ஸிலேயே ஸ்டெபிலைசர் இருக்கே, அது போதாதா?" என்று. ஸ்டெபிலைசர் தாங்குவது உங்கள் கை நடுக்கத்தை. எதிரே அசைகிற ஆளை அதனால் நிறுத்த முடியாது. அதனால்தான் அந்தப் படத்தில் சுவர் தெளிவாக விழுந்தது, விரல் கலைந்தது. சிலைக்கும் கட்டடத்துக்கும் ஸ்டெபிலைசர் பெரிய உதவி. மனிதர்களை எடுக்க வேகமான ஷட்டர் வேண்டும். இருட்டில் வேகமான ஷட்டர் வேண்டுமென்றால் பெரிய வாசல் வேண்டும்.

சரி, ஜூம் லென்ஸிலும் இவ்வளவு பெரிய வாசல் வைக்கலாமே? வைக்கிறார்கள், ஆனால் விலையும் எடையும் எங்கேயோ போய்விடும். சிக்மா 2013-இல் 18-35 எஃப் 1.8 என்று ஒரு ஜூம் கொண்டுவந்தது. அருமையான லென்ஸ், ஆனால் எடை 800 கிராமுக்கு மேல். கல்யாண வேலைக்காரர்கள் கையில் பார்க்கிற 70-200 எஃப் 2.8 லென்ஸ்களில் பல ஒன்றரைக் கிலோவை ஒட்டி வரும். கேனானின் 50 எஃப் 1.8 எஸ்டிஎம் வெறும் 160 கிராம், விலை பத்தாயிரம் ரூபாய்க்கு அக்கம்பக்கம். உள்ளே ஆறே ஆறு கண்ணாடி. கிட் ஜூமில் அது பத்தைத் தாண்டும், பெரிய ஜூம்களில் இருபதைத் தாண்டும். நகர வேண்டிய பாகங்கள் குறைவாக இருப்பதால்தான் குறைந்த காசுக்குப் பெரிய வாசலைக் கொடுக்க முடிகிறது.

பெரிய வாசலால் இன்னொன்றும் கிடைக்கும், எல்லோரும் ஆசைப்படுவது. பின்னணி வெண்ணெய் மாதிரி கரையும். ஆனால் இதில் ஒரு கவனம் வேண்டும். 1500டி போன்ற கேமராவில் 50 மி.மீ.-ஐ எஃப் 1.8-இல் வைத்து, ஒன்றரை மீட்டர் தள்ளியிருக்கும் முகத்தை எடுத்தால், தெளிவாக விழுகிற ஆழம் மொத்தமே சுமார் 6 செ.மீ. கண் தெளிவாக இருந்தால் காது மங்கிவிடும். தெருவில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு இது அழகு. திருவந்திபுரம் கோயிலில் முகூர்த்த நாளன்று மணமக்களைச் சுற்றி இரண்டு வரிசையாகச் சொந்தக்காரர்கள் நிற்கும்போது இதே அளவில் எடுத்தால், முன்வரிசை அத்தை தெளிவாக இருப்பார், பின்வரிசை மாமா கரைந்துபோவார். வெளிச்சம் இருந்தால் 5.6-க்கு மூடிக்கொள்ளுங்கள். பிரைம் வாங்கியதும் எல்லாப் படத்தையும் 1.8-இலேயே எடுப்பதுதான் புதியவர்கள் அதிகம் செய்கிற தவறு.

இவ்வளவு நேரம் பிரைம் பக்கமே பேசிவிட்டேன். இப்போது மாசி மகத்துக்கு வாருங்கள்.

அன்றைக்கு தேவனாம்பட்டினம் கடற்கரையில் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து சாமிகள் தீர்த்தவாரிக்கு வரும். மேளம், கூட்டம், தோள்மேல் பிள்ளைகள், வரிசையாக அர்ச்சனைத் தட்டுகள். சாமி தண்ணீர் ஓரம் நிற்கும், நீங்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கம் வெகுதூரம் தள்ளி மாட்டிக்கொண்டிருப்பீர்கள். ஓர் அடி முன்னே வைக்க முடியாது. அங்கே 50 மி.மீ. பிரைமில் எடுத்தால் சாமி ஒரு புள்ளி. பிறகு வெட்டிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். 250 மி.மீ. காட்டுகிற காட்சியை 50 மி.மீ. படத்திலிருந்து வெட்டி எடுத்தால் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு, அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு, ஆக இருபத்தைந்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு மெகாபிக்சல்கூடத் தேறாது.

அந்த மாதிரி இடத்தில் 55-250 தான் தெய்வம். அதன் அபெர்ச்சர் சிறியது என்ற குறை அங்கே குறையே இல்லை. வங்கக் கடலோர வெயிலில் ஐஎஸ்ஓ 200-ஐ வைத்து எஃப் 8-க்கு மூடினாலும் ஷட்டர் 800-இல் ஒரு பங்கு கிடைக்கும். அதோடு, கடற்கரையில் லென்ஸ் மாற்றவே கூடாது. மணல் பறக்கும், உப்புக் காற்று அடிக்கும். கேமராவின் வாயைத் திறந்து வைக்கிற அந்த அரை நிமிடத்தில், படம் விழுகிற சென்சார் மேல் ஒரு மணல் துகள் உட்கார்ந்தால், அப்புறம் வானம் தெரிகிற எல்லாப் படத்திலும் ஒரு கரும்புள்ளி வரும். திருகினால் போதும், மாற்ற வேண்டாம் என்பது ஜூமுக்கு இருக்கிற பெரிய பலம். துறைமுகத்தில் படகு வந்து மீன் இறங்கும்போதும் அப்படித்தான். வலை விரிப்பது ஒரு கணம், கூடை கைமாறுவது இன்னொரு கணம். இரண்டுக்கும் வேறு வேறு லென்ஸ் மாட்டிக்கொண்டிருந்தால் இரண்டும் போய்விடும்.

ஊசுட்டேரிப் பறவைகள் வேறு உலகம். அங்கே 250-கூடப் பற்றாது. அந்த ஆசை வந்தால் முதலில் ஒரு பைனாகுலர் வாங்கிப் பறவைகளைப் பார்த்துப் பழகுங்கள்.

"பிரைமில் ஜூம் இல்லாவிட்டால் என்ன, நாலு எட்டு முன்னால் போனால் ஆயிற்று" என்று அனுபவசாலிகளே சொல்வார்கள். பாதிதான் உண்மை. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் காந்தி சிலை இருக்கிறதல்லவா? மாலையில் அந்தச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள், நிம்மதியாக முன்னும் பின்னும் நடக்கலாம். சிலைக்குக் கிட்டே போய் 18 மி.மீ.-இல் ஒரு படம் எடுங்கள். காந்தி பெரிதாக நிற்பார், சுற்றியிருக்கும் கருங்கல் தூண்கள் விலகி விலகி, பின்னால் இருப்பவை ஒல்லியாகித் தூரத்தில் நிற்பது போலத் தெரியும். இப்போது பின்னால் நடந்துகொண்டே போய், காந்தி படத்தில் அதே உயரம் வருகிற மாதிரி 55-ஐ வைத்து எடுங்கள். தூண்கள் ஒன்றை ஒன்று நெருங்கிக் காந்திக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். காந்தியின் அளவு இரண்டிலும் ஒன்றுதான், இடம் மட்டும் வேறாகத் தெரிகிறது. இந்த மாற்றத்தைச் செய்தது லென்ஸ் இல்லை, நீங்கள் நின்ற இடம். எவ்வளவு பக்கத்தில் நிற்கிறீர்களோ, அதுதான் முன்னால் இருப்பதற்கும் பின்னால் இருப்பதற்கும் உள்ள உறவைத் தீர்மானிக்கிறது. லென்ஸ் அந்தக் காட்சிக்கு எவ்வளவு பெரிய சட்டகம் போடுவது என்பதை மட்டும் பார்த்துக்கொள்கிறது.

இது புரிந்துவிட்டால் ஜூமை வேறு மாதிரி பயன்படுத்துவீர்கள். நின்ற இடத்திலேயே திருகிக்கொண்டிருக்க மாட்டீர்கள். முதலில் எங்கே நின்றால் பின்னணி சரியாக வருகிறது என்று கண்டுபிடித்து, அப்புறம் வளையத்தைத் திருகி ஓரங்களைச் சரிசெய்வீர்கள். பிரைமில் அந்தப் பழக்கம் தானாக வரும், ஏனென்றால் நடப்பதைத் தவிர வேறு வழியில்லை. புதியவர்களுக்கு ஒரு பிரைமாவது வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு, வெளிச்சத்துக்கு அடுத்தபடியாக இதுதான் காரணம்.

ஒரே லென்ஸில் வாழ்ந்தவர்கள் என்று பேச்சு வந்தால், பிரெஞ்சுக் கலைஞர் ஆன்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் பெயர் வராமல் இருக்காது. நம்ம பக்கத்து ஊருக்கும் அவருக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1950 ஏப்ரலில் அவர் புதுச்சேரிக்கு வந்து அரவிந்தர் ஆசிரமத்தில் படமெடுத்தார். பல ஆண்டுகளாகப் புகைப்படத்துக்கே அமராத அரவிந்தரை எடுக்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 5-ஆம் தேதி அரவிந்தர் மறைந்தார். வாழ்நாளில் பெரும்பகுதி கார்த்தியே-பிரெஸ்ஸோன் கையில் இருந்தது சின்ன லைக்கா கேமரா, அதில் பெரும்பாலும் ஒரு 50 மி.மீ. பிரைம்.

இதைப் படித்துவிட்டு நேராகப் போய் 50 வாங்கிவிடாதீர்கள். அவர் கேமராவில் படம் விழுந்த பரப்பு 36-க்கு 24 மி.மீ. ஃபிலிம். நம்மில் பலர் முதலில் வாங்குகிற கேமராவின் சென்சார் அதைவிடச் சிறியது. அதே 50 மி.மீ. கேனான் சிறிய சென்சாரில் 80 மி.மீ. மாதிரியும், நிக்கான், சோனி சிறிய சென்சாரில் 75 மி.மீ. மாதிரியும் குறுகலாகக் காட்டும். முகத்துக்கு அது அற்புதம். ஆனால் புதுச்சேரி பெரிய மார்க்கெட் மீன் கடைச் சந்துக்குள் அதை மாட்டிக்கொண்டு போனால், மீன்காரம்மாவையும் அவர் முன்னால் அடுக்கியிருக்கும் மீனையும் ஒன்றாகப் பிடிக்கப் பின்னால் போகவேண்டும், பின்னால் போக இடமிருக்காது. அவருடைய 50 காட்டிய அகலம் உங்களுக்கு வேண்டுமென்றால் சிறிய சென்சாரில் 35 மி.மீ. பக்கம் வாங்க வேண்டும். நிக்கானில் 35 எஃப் 1.8 டிஎக்ஸ் இருக்கிறது. கேனானில் 24 எஃப் 2.8 என்று, இன்னும் கொஞ்சம் அகலமாகக் காட்டுகிற, தோசைக்கல் மாதிரி தட்டையான ஒரு லென்ஸ், 125 கிராம்தான். வாசல் 1.8 அளவுக்குப் பெரிதில்லை, ஆனால் சந்துக்கும் வீட்டுக்குள்ளும் நன்றாகப் பொருந்தும்.

பிரைம்தான் ஷார்ப் என்ற பேச்சையும் கேட்டிருப்பீர்கள். விலை மலிவான ஜூமோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் சரி. இன்றைய நல்ல ஜூம்களோடு ஒப்பிட்டால் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் குறைவு. போனில் பார்க்கிற படத்துக்கு அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

வாங்குவதற்கு முன்னால் கையில் இருக்கிற கிட் லென்ஸை வைத்தே ஒரு சோதனை செய்து பாருங்கள். வளையத்தை 35-இல் நிறுத்தி, மேலே செல்லோடேப் ஒட்டிவிடுங்கள். புதுச்சேரி காந்தி வீதியில் ஞாயிற்றுக்கிழமை சந்தை நடக்கும். காலையில் போய் இரண்டு மணி நேரம் அப்படியே சுற்றுங்கள். அடுத்த ஞாயிறு 50-இல் ஒட்டுங்கள். எதில் மூச்சு முட்டியது, எதில் கை பழகியது என்று உங்களுக்கே தெரியும். காசு செலவில்லை.

பழைய லென்ஸ் வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நிக்கான் 3000, 5000 வரிசைக் கேமராக்களில், எடுத்துக்காட்டாக டி3500, டி5600-இல், பழைய 50 எஃப் 1.8டி லென்ஸ் ஆட்டோஃபோக்கஸ் ஆகாது. எஃப் 1.8ஜி என்று போட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். அப்புறம் பூஞ்சை. நம்ம கடலோர ஈரக்காற்றில் பையிலேயே கிடந்த லென்ஸுக்குள் அது சிலந்தி வலை மாதிரி படர்ந்திருக்கும். சாதாரணமாகப் பார்த்தால் தெரியாது. வாங்கும்போது அபெர்ச்சரை முழுதும் திறந்து, ஒரு பக்கத்திலிருந்து போன் டார்ச்சைச் சாய்வாக அடித்து மறுபக்கத்திலிருந்து பாருங்கள். மெல்லிய நூல் தெரிந்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். வாங்கிய பிறகு, காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல்லோடு வையுங்கள். கடற்கரை போய் வந்தால் முதலில் ஊதுபந்தால் மணலை ஊதித் தள்ளிவிட்டு, அதற்குப் பிறகு துணியால் துடையுங்கள். ஊதாமல் துடைத்தால் மணலே கண்ணாடியைக் கீறும்.

மாசி மகம் கழிந்த மறுநாள் தம்பி லேப்டாப்போடு வந்தான். ஒரு மாதத்துப் படம், ஒன்றையும் அழிக்கவில்லை. கெட்டதை மட்டும் தனி ஃபோல்டரில் போட்டு, ஒவ்வொன்றாகத் திறந்து விவரத்தைப் பார்த்தோம். மகத்தன்று எடுத்தவற்றில் சாமி சின்னதாகப் போனது ஏழெட்டு. மற்றதில் பெரும்பாலானவை ஒரே மாதிரி: 45, 50, 55 மி.மீ., எஃப் 5.6, ஷட்டர் 20-இல் ஒரு பங்கு வினாடியைவிட மெதுவாக. விளக்கேற்றுகிற அம்மா, அடுப்படியில் பாட்டி, பல்புக்குக் கீழே பூக்கார ஆயா. எல்லாம் பொழுது சாய்ந்த பிறகு, எல்லாம் அசைகிற கைகள்.

"கிட்டப்போக முடியாம கெட்டது ஒரு நாள்தான்ணே. மத்த நாளெல்லாம் இருட்டுதான்" என்றான்.

ஃபிஃப்டி வாங்கினான். அடுத்த மாசி மகத்துக்கு என்னுடைய 55-250-ஐத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். லென்ஸ் வந்த அன்று சாயங்காலமே திருப்பாதிரிப்புலியூருக்குப் போய், அந்த ஆயாவிடம் கேட்டுக்கொண்டு மறுபடி எடுத்திருக்கிறான். நேற்று படத்தைக் காட்டினான். முடிச்சு விழப்போகிற இடத்தில் நார் வளைந்து நிற்கிறது, கட்டைவிரலில் ஒரு மல்லிகை மொட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது.